ட்ரோன் வரைபடப் பறப்பைத் திட்டமிடுவது: கடலூர், புதுச்சேரிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏரி, முந்திரித் தோப்பு, மனைப்பிரிவு, கடற்கரை என்று கடலூர் மாவட்டத்தில் ட்ரோன் பறக்கவிட்டு, எடுத்த படங்களைக் கணினியில் இணைத்து, அளவு எடுக்கக்கூடிய வரைபடமாக்கிக் கொடுப்பது என் வேலை. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற தம்பி தங்கைகளும், வேலை கொடுக்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே ஒன்றாக எழுதி வைத்திருக்கிறேன்.

ட்ரோன் தானாகவே பறந்து படம் எடுத்துவிடும் என்கிறார்கள். அப்புறம் நமக்கு என்ன வேலை?

பறப்பது மட்டும்தான் தானாக நடக்கும். எந்த உயரத்தில், எவ்வளவு இடைவெளியில், எந்தத் திசையில், எத்தனை வேகத்தில் என்பதையெல்லாம் நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

நிலத்தை ஏர் ஓட்டும்போது ஒரு சால் போய், வரப்பு ஓரம் திரும்பி, அடுத்த சால் வருவோம் இல்லையா? ட்ரோனும் அப்படித்தான் பறக்கும். திரையில் இடத்தின் எல்லையை விரலால் வரைந்து, உயரத்தையும் ஓவர்லேப்பையும் (பக்கத்துப் பக்கத்துப் படங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் அளவு) கொடுத்தால், செயலி சால்களைப் போட்டுவிடும். சால் நெருக்கமாக இருந்தால் வேலை நன்றாக வரும், ஆனால் நேரமும் பேட்டரியும் கூடும். அகலமாகப் போனால் நடுவில் உழாத நிலம் மாதிரி வரைபடத்தில் ஓட்டை விழும். இந்தக் கணக்கை மனதில் போட்டுப் பார்க்கத் தெரிந்தவருக்குச் செயலி ஒரு கருவி. தெரியாதவர் அது கொடுத்ததை அப்படியே வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

எந்த உயரத்தில் பறக்க வேண்டும்?

இதற்கு நான் திருப்பிக் கேட்கும் கேள்வி: வரைபடத்தில் எது தெரிய வேண்டும்? ஏரியின் பரப்பும் கரையின் வடிவமும் போதுமா? மனைப்பிரிவில் கல் நட்ட இடம் தெரிய வேண்டுமா? கட்டடச் சுவரின் விரிசலா? இதைச் சொல்லாமல் உயரம் கேட்பது, எங்கே போகிறோம் என்று சொல்லாமல் பஸ் நம்பர் கேட்பது மாதிரி.

படத்தின் ஒரு புள்ளி தரையில் எத்தனை சென்டிமீட்டரை அடைக்கிறது என்பதைத்தான் ஜிஎஸ்டி என்கிறோம். சென்சாரின் அகலத்தை லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்து, பறக்கும் உயரத்தால் பெருக்கினால், ஒரு படம் தரையில் அடைக்கும் அகலம் வரும். அதைப் படத்தின் அகலத்தில் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஜிஎஸ்டி.

ஒரு எடுத்துக்காட்டு. பாந்தம் 4 புரோ போன்ற ஒரு அங்குல சென்சார் கேமராவில் சென்சார் அகலம் 13.2 மி.மீ., குவியத் தூரம் 8.8 மி.மீ., படத்தின் அகலம் 5472 புள்ளி. 100 மீட்டர் உயரத்தில் ஒரு படம் தரையில் 150 மீட்டர் அகலமும் 100 மீட்டர் நீளமும் அடைக்கும். ஜிஎஸ்டி 2.7 செ.மீ. அதே கேமராவை 60 மீட்டருக்கு இறக்கினால் 1.6 செ.மீ. ஆகிவிடும்.

ஒரு பொருள் படத்தில் அடையாளம் தெரிய வேண்டுமென்றால் அதன் மேல் நான்கைந்து புள்ளிகளாவது விழ வேண்டும். 15 செ.மீ. சதுரக் கல் 2.7 செ.மீ. ஜிஎஸ்டியில் ஐந்து புள்ளி அகலம் வரும். தெரியும், ஆனால் பக்கத்தில் புல் இருந்தால் தேட வேண்டியிருக்கும். எனக்கு ஏரி, தோப்பு வேலை என்றால் 100 மீட்டர். மனைப்பிரிவு என்றால் 60, 70. இதற்குக் கீழே தேவையில்லாமல் இறங்காதீர்கள். 100-லிருந்து 60-க்கு இறங்கினால் படங்களின் எண்ணிக்கை ஏறத்தாழ இரண்டரை மடங்கு ஆகும். கூடுதல் துல்லியம் என்று நினைத்து இறங்கிவிட்டு, இரவெல்லாம் கணினி ஓடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஓவர்லேப் எவ்வளவு வைப்பது?

ஒரே இடம் பல படங்களில், பல கோணங்களில் விழுந்தால்தான் மென்பொருள் அதன் உயரத்தைக் கணக்கிட முடியும். நம் இரண்டு கண்ணும் சேர்ந்து தூரத்தைக் கணிப்பது மாதிரிதான். வழக்கமான நிலத்துக்கு முன்பின் ஓவர்லேப் 80 சதவீதம், பக்கவாட்டில் 70 சதவீதம் வையுங்கள்.

மேலே சொன்ன கேமராவில், 100 மீட்டர் உயரத்தில், 80 சதவீதம் என்றால் 20 மீட்டருக்கு ஒரு படம். 70 சதவீதம் என்றால் சாலுக்குச் சால் 45 மீட்டர்.

சவுக்குத் தோப்பு, முந்திரி, கரும்பு, விளைந்த நெல் வயல் இதிலெல்லாம் 85-க்கு 80 என்று ஏற்றிவிடுங்கள். காற்றில் இலை அசைந்துகொண்டே இருப்பதால், ஒரு படத்தில் இருந்த இலை அடுத்த படத்தில் அதே இடத்தில் இருக்காது. மென்பொருள் பொருத்திப் பார்க்கப் புள்ளி கிடைக்காமல் திணறும். பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரித் தோப்பில் ஆரம்ப காலத்தில் 70-க்கு 60 வைத்துப் பறந்துவிட்டு வந்தேன். இணைத்துப் பார்த்தால் தோப்பின் நடுவில் இரண்டு ஏக்கர் அளவுக்கு ஒன்றுமே இல்லை. மறுநாள் போய் முழுவதையும் மறுபடி எடுத்தேன்.

வேகம்? ஷட்டர்?

வினாடிக்கு 8 மீட்டர் போதும். ஷட்டர் 1/1000 வைத்தால் படம் பதியும் நேரத்தில் ட்ரோன் 8 மி.மீ. மட்டுமே நகரும். மேகமூட்டத்தில் கேமரா தானாக 1/200-க்கு இறங்கிவிட்டால் அது 4 செ.மீ., அதாவது ஒரு புள்ளிக்கு மேலேயே இழுபட்டுவிடும். அதனால் ஷட்டரைக் கையால் நிறுத்தி வையுங்கள். ஃபோகஸும் வெள்ளைச் சமநிலையும் பறப்பு முழுக்க ஒரே மாதிரி இருக்கட்டும். மெக்கானிக்கல் ஷட்டர் இல்லாத கேமரா என்றால் இன்னும் மெதுவாகப் போங்கள்.

100 ஏக்கருக்கு எத்தனை பேட்டரி வேண்டும்?

40 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 100 ஏக்கர், 800 மீட்டர் நீளம், 500 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். 45 மீட்டருக்கு ஒரு சால் என்றால் 12 சால். ஓரத்தில் உள்ள இடத்துக்கும் போதுமான படம் கிடைக்க, இரண்டு பக்கமும் எல்லைக்கு வெளியே ஒவ்வொரு சால் சேர்த்து 14. நீளத்திலும் இருபக்கமும் 40 மீட்டர் தள்ளிப் போனால் ஒரு சால் 880 மீட்டர். மொத்தம் 12.3 கி.மீ. வினாடிக்கு 8 மீட்டரில் 26 நிமிடம். திரும்புவது, ஏறுவது, இறங்குவது எல்லாம் சேர்த்து அரை மணி நேரம். படங்கள் 630 வரும்.

பெட்டியில் 30 நிமிடம் என்று போட்டிருக்கும் பேட்டரியை நான் 20 நிமிடமாகத்தான் கணக்கு வைப்பேன். ஆக இரண்டு பேட்டரி வேண்டும், கையில் மூன்று இருக்க வேண்டும். கத்திரி வெயிலில் இறங்கின பேட்டரியைத் தொட்டுப் பாருங்கள், சுடும். நிழலில் வைத்து ஆறின பிறகே சார்ஜரில் போட வேண்டும். காருக்குள் பேட்டரியை வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்.

சால்களை நீளவாக்கில் போட்டால் திரும்பும் எண்ணிக்கை குறையும். முடிந்தால் தூரமான மூலையில் தொடங்கி, நாம் நிற்கும் இடத்தை நோக்கி முடிகிற மாதிரி அமையுங்கள். பேட்டரி குறையும் நேரத்தில் ட்ரோன் பக்கத்தில் இருக்கும்.

மேடு பள்ளமான இடத்தில் ஒரே உயரத்தில் பறந்தால் என்ன ஆகும்?

கடலூரில் பெரும்பகுதி சமதரை என்பதால் பலரும் இதை மறந்துவிடுகிறார்கள். ஆனால் கேப்பர் மலைச் சரிவு, புதுச்சேரியை ஒட்டிய செம்மண் ஓடைகள் போன்ற இடங்களில் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டும். பெரும்பாலான செயலிகளில் நீங்கள் கொடுக்கும் உயரம், ட்ரோன் கிளம்பிய இடத்திலிருந்து கணக்கிடப்படுகிறது. கெடிலம் ஆற்றுச் சமவெளியில் நின்று 100 மீட்டர் என்று கொடுத்து, 30 மீட்டர் மேட்டின் மேல் பறந்தால், அங்கே தரைக்கும் ட்ரோனுக்கும் 70 மீட்டர்தான். படம் அடைக்கும் இடம் சுருங்கும். 80 சதவீத ஓவர்லேப் 71 ஆகும். பக்கவாட்டில் 70 என்பது 57 ஆகிவிடும். மேட்டில் ஓட்டை விழுவது இதனால்தான்.

தரையின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப ட்ரோனும் ஏறி இறங்கும் டெர்ரெய்ன் ஃபாலோ வசதி செயலியில் இருந்தால் அதைப் போடுங்கள். இல்லையென்றால் மேட்டில் நின்று கிளப்புங்கள், அல்லது இடத்தை மேடு, பள்ளம் என்று இரண்டு திட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

மரம், டவர், பருந்து?

பனையும் தென்னையும் 20, 25 மீட்டர் வரும். செல்போன் டவரும், நெய்வேலியிலிருந்து வரும் உயர் அழுத்தக் கம்பிகளைத் தாங்கும் கோபுரங்களும் அதைவிட உயரம். திட்டம் போடுவதற்கு முன் இடத்தை ஒரு சுற்று நடந்து பாருங்கள். வீடு திரும்பும் உயரம் என்ற அமைப்பை, சுற்றியுள்ள எல்லாவற்றிலும் உயரமானதற்கு மேல் குறைந்தது 20 மீட்டர் வையுங்கள். பல விபத்துகள் பறப்பில் நடப்பதில்லை, சிக்னல் போய் ட்ரோன் தானாகத் திரும்பும்போதுதான் நடக்கின்றன.

கடற்கரையோரம் செம்பருந்து நிறைய. வட்டமிட ஆரம்பித்தால் திட்டத்தை நிறுத்தி, நேராக மேலே ஏற்றுங்கள், பறவைக்கு அத்தனை வேகமாக நிமிர்ந்து ஏற வராது. அனுமதி உயரத்தை மட்டும் தாண்டிவிடாதீர்கள். அது விலகியதும் இறக்கிவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்துத் தொடரலாம். கூடு கட்டியிருக்கும் மரம் பக்கத்தில் இருந்தால் அந்தப் பருவத்தில் அங்கே பறக்காதீர்கள்.

அனுமதி வேண்டுமா?

2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகள்தான் அடிப்படை. எடையை வைத்து வகை பிரித்திருக்கிறார்கள்: 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை ஸ்மால். ட்ரோனுக்குப் பதிவு எண் வேண்டும். மைக்ரோவைப் பொழுதுபோக்குக்குப் பறக்கவிடச் சான்றிதழ் தேவையில்லை, ஆனால் காசு வாங்கிக்கொண்டு வரைபடம் எடுத்தால் ரிமோட் பைலட் சான்றிதழ் கட்டாயம். 18 வயது முதல் 65 வரை, பத்தாம் வகுப்பு தேறியவர்கள், அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்தில் படித்து வாங்கலாம்.

இடத்தைப் பொறுத்தவரை வான்வெளியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்த வரைபடம் மத்திய அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தில் இருக்கிறது. பச்சையில் 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை முன்அனுமதி இல்லாமல் பறக்கலாம். விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 முதல் 12 கி.மீ. வரை உள்ள வளையத்தில் பச்சை 200 அடியோடு முடிந்துவிடும். 5 முதல் 8 கி.மீ. வரை தரையிலிருந்தே மஞ்சள், வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதி வேண்டும். சிவப்பில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் கூடாது.

புதுச்சேரி நண்பர்களுக்கு இது முக்கியம். லாஸ்பேட்டை விமான நிலையம் நகரை ஒட்டியே இருப்பதால், நகரத்துக்குள் "சின்ன வேலைதானே" என்று கிளப்பிவிட முடியாது. கடலூர் நகரம் அந்த வளையங்களுக்கு வெளியே இருக்கிறது. அதற்காக எங்கும் பறக்கலாம் என்று இல்லை. நெய்வேலிச் சுரங்கம், அனல்மின் நிலையம், துறைமுகம், சிறைச்சாலை, தொழிற்சாலை இவற்றின் பக்கம் போகும் முன் வரைபடத்தையும் பாருங்கள், உரியவர்களிடமும் பேசுங்கள். வரைபடம் மாறிக்கொண்டே இருக்கும். கிளம்பும் அன்று காலை மறுபடி ஒரு தடவை திறந்து பாருங்கள். உள்ளூர்க் காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிடுவதும் நல்லது. ஊருக்குள் திடீரென்று ட்ரோன் பறந்தால் மக்கள் பயப்படுவார்கள், அந்தப் பயம் நியாயமானது.

எந்த மாதம், எந்த நேரம்?

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. வெள்ளத்தைப் பதிவு செய்யும் வேலை தவிர வேறு எதற்கும் தேதி கொடுக்காதீர்கள். ஆடியில் காற்று. எனக்குப் பிடித்தது தையிலிருந்து வைகாசி வரை.

காலை ஆறரைக்குக் காற்று இருக்காது, ஆனால் நிழல் நீளமாக விழும். பனை மரத்தின் நிழல் ஒரு சென்ட் நிலத்தையே மறைத்துவிடும். பதினொரு மணிக்கு மேல் நிழல் சுருங்கும், ஆனால் கோடையில் கடற்காற்று கிளம்பிவிடும். எட்டரைக்கும் பத்தரைக்கும் நடுவே உள்ள இரண்டு மணி நேரம்தான் தங்கம். மேகம் ஒரே சீராக மூடியிருந்தால் இன்னும் நல்லது.

இன்னொன்று. ஏப்ரல் 20-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 20-ஐ ஒட்டியும் நம் ஊரில் நண்பகல் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வரும். கேமரா நேர் கீழே பார்ப்பதால், ஏரியிலோ உப்பளத்திலோ தண்ணீர் இருந்தால் சூரியனின் பிம்பம் ஒவ்வொரு படத்தின் நடுவிலும் வெள்ளைத் திட்டாக விழும். அந்த நாட்களில் மதியம் பறக்காதீர்கள்.

தரையில் குறி வைக்காமல் எடுத்தால் என்ன? ட்ரோனிலேயே ஜிபிஎஸ் இருக்கிறதே?

சாதாரண ட்ரோனின் ஜிபிஎஸ் சில மீட்டர் தவறும். படம் அழகாகத்தான் இருக்கும், ஆனால் முழு வரைபடமும் இரண்டு மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும். உயரம் இன்னும் மோசம். அதனால் தரையில் தெளிவாகத் தெரியும் குறிகளை வைத்து, அவற்றின் இடத்தை ஆர்டிகே ஜிபிஎஸ் கருவியால் (தரையில் உள்ள ஒரு நிலையத்திலிருந்து உடனுக்குடன் திருத்தம் வாங்கிக்கொள்ளும் கருவி) சென்டிமீட்டர் அளவில் அளந்து, மென்பொருளில் கொடுக்கிறோம். இவைதான் ஜிசிபி.

100 ஏக்கருக்கு எட்டு ஜிசிபி வைப்பேன். நான்கு மூலை, நீளவாட்டு ஓரங்களின் நடுவில் இரண்டு, உள்ளே இரண்டு. இவை தவிர நான்கு சோதனைப் புள்ளிகள். சோதனைப் புள்ளிகளையும் அதே மாதிரி அளப்பேன், ஆனால் மென்பொருளுக்குக் கொடுக்க மாட்டேன். வரைபடம் முடிந்த பிறகு அதிலிருந்து படித்த அளவையும் தரையில் எடுத்த அளவையும் ஒப்பிட்டுப் பார்ப்பேன். அந்த வித்தியாசம்தான் வரைபடத்தின் உண்மையான பிழை. மென்பொருள் அறிக்கையில் ஜிசிபிக்கு எதிரே காட்டும் சின்னப் பிழையைப் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். விடையைக் கொடுத்துவிட்டு அதே கணக்கைப் பரீட்சையில் கேட்பது மாதிரி அது.

குறி எதில் செய்வது? நான் பழைய ஃபிளெக்ஸ் பேனரின் பின்பக்கத்தை 60 செ.மீ. சதுரமாக வெட்டி, எதிரெதிர் கட்டங்களில் கறுப்புப் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறேன். நான்கு மூலையிலும் செங்கல். குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஒரு வேலையில் ஆறாவது குறியை வைத்துவிட்டு ஏழாவதுக்கு நடந்து போய்த் திரும்பிப் பார்த்தால், ஒரு வெள்ளாடு ஃபிளெக்ஸின் ஓரத்தைக் கடித்து இழுத்துக்கொண்டிருக்கிறது. ஒரு செங்கல் ஏற்கெனவே விழுந்துவிட்டது. அளந்த இடத்திலிருந்து குறி ஒரு சாண் நகர்ந்திருந்தது. நான் பார்க்காமல் இருந்திருந்தால் அந்த ஒரு சாண் பிழை வரைபடத்தின் அந்த மூலை முழுவதையும் இழுத்திருக்கும். அன்றிலிருந்து குறியின் மையத்தில் ஒரு ஆணியைத் தரையில் அடித்து, ஆணியின் தலையைத்தான் அளக்கிறேன். பறப்பு முடிந்ததும் எல்லாக் குறியும் இடத்தில் இருக்கிறதா என்று மறுபடி நடந்து பார்க்கிறேன்.

சமதரையில் எல்லாம் சரியாகச் செய்தும் வரைபடத்தின் நடுப்பகுதி மேடாக வருகிறதே?

கடலூரில் இது அதிகம் வரும். நிலம் தட்டையாக இருந்து, எல்லாப் படமும் ஒரே உயரத்தில் நேர் கீழே பார்த்து எடுத்திருந்தால், லென்ஸின் வளைவையும் நிலத்தின் வளைவையும் மென்பொருளால் பிரித்துப் பார்க்க முடிவதில்லை. கவிழ்த்துவைத்த தட்டு மாதிரி நடுவில் மேடு கட்டும், அல்லது கிண்ணம் மாதிரி பள்ளம் விழும்.

மூன்று வைத்தியம் உண்டு. ஒன்று, நடுவில் ஜிசிபி கட்டாயம். இரண்டு, முக்கியப் பறப்பு முடிந்ததும் குறுக்கே இரண்டு மூன்று சால், 20 மீட்டர் உயரம் கூட்டியோ குறைத்தோ. மூன்று, கேமராவை நேர் கீழே வைக்காமல் இருபது முப்பது டிகிரி சாய்த்து இன்னும் சில படங்கள். ஐந்து நிமிடம் கூடுதலாகப் பறந்தால் போதும், ஏரி அளவை வேலையே காப்பாற்றப்படும். பத்து ஹெக்டேர் ஏரியில் சராசரியாக 5 செ.மீ. உயரப் பிழை இருந்தால் அது 5,000 கன மீட்டர். வண்டல் அள்ளுகிறவர்கள் பேசும் கணக்கில், 100 கன அடி ஒரு யூனிட் என்றால், 1,760 யூனிட்டுக்கு மேல். யாருடைய பணம் அது என்று யோசித்துப் பாருங்கள்.

ஆர்டிகே ட்ரோன் வாங்கிவிட்டால் ஜிசிபி வேண்டாமே?

எண்ணிக்கையைக் குறைக்கலாம். அடியோடு விட்டுவிடாதீர்கள். ஒன்றிரண்டு ஜிசிபியும் நான்கைந்து சோதனைப் புள்ளியும் இருக்கட்டும். திருத்தத் தகவலை இந்திய நில அளவைத் துறை நிரந்தரமாக நிறுவியிருக்கும் கார்ஸ் நிலையங்களிலிருந்தும் பெறலாம், சொந்த பேஸ் (தெரிந்த இடத்தில் அசையாமல் நிறுத்தும் ஜிபிஎஸ் கருவி) வைத்தும் பெறலாம். மொபைல் சிக்னல் இல்லாத ஏரிக்கரையில் பேஸ் வைத்துக்கொண்டு, பிறகு கணினியில் திருத்தும் பிபிகே முறைதான் நம்பகமானது.

உயரம் எல்லாம் மைனஸ் 80 மீட்டர் என்று வருகிறது. ட்ரோன் கெட்டுவிட்டதா?

இல்லை. முதல் தடவை எனக்கும் தூக்கிவாரிப்போட்டது. ஏரிக்கரை கடலுக்கு 80 மீட்டர் கீழே இருப்பதாக மென்பொருள் காட்டியது. வேலை கொடுத்த பொறியாளரிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் ஒரு நாள் முழுக்கக் கருவியைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஜிபிஎஸ் சொல்லும் உயரம் கடல் மட்டத்திலிருந்து அல்ல. பூமியை ஒரு சீரான நீள்கோளம் என்று வைத்து, அதன் மேற்பரப்பிலிருந்து சொல்கிறது. உண்மையான கடல் மட்டம் ஈர்ப்பு விசைக்கு ஏற்ப மேடு பள்ளமாக இருக்கிறது. உலகத்திலேயே மிகப் பெரிய பள்ளம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது, ஏறத்தாழ 106 மீட்டர் ஆழம். அதன் சரிவு நம் கரை வரைக்கும் நீள்கிறது. கடலூர், புதுச்சேரிப் பக்கம் கடல் மட்டம் அந்தக் கற்பனைக் கோளத்துக்கு ஏறத்தாழ 90 மீட்டர் கீழே. ஆகவே கடலிலிருந்து ஏழெட்டு மீட்டர் உயரத்தில் உள்ள நிலம் ஜிபிஎஸ்ஸுக்கு மைனஸ் 80 சொச்சமாகத் தெரிகிறது.

மென்பொருளில் இஜிஎம்2008 போன்ற ஜியாய்டு மாதிரியை (அந்தக் கடல் மட்ட மேடு பள்ளத்தின் கணக்கு) தேர்ந்தெடுத்தால் இது கடல் மட்ட உயரமாக மாறிவிடும். அதோடு நிறுத்தாதீர்கள். ஏரியின் மதகு அடிமட்டம், கலங்கல் மட்டம் இவற்றுக்கு ஏற்கெனவே ஒரு அளவும், அதைக் குறிக்கும் கல்லும் இருக்கும். அந்தக் கல்லின் மேல் கருவியை வைத்து அளந்து, உங்கள் உயரத்தை அதோடு பொருத்துங்கள். பொறியாளர் தண்ணீரைக் கணக்கிடுவது அந்தக் கல்லிலிருந்துதான். கிடைமட்ட அமைப்புக்கு, கடலூர், புதுச்சேரி இரண்டுமே உலகத்தை மண்டலங்களாகப் பிரித்து இடத்தை மீட்டரில் சொல்லும் யூடிஎம் முறையில் 44 வடக்கு மண்டலத்தில் வருகின்றன.

முந்திரித் தோப்புக்குக் கீழே உள்ள தரை மட்டம் கிடைக்குமா?

கிடைக்காது. கேமராவுக்குத் தெரிவதைத்தான் அளக்க முடியும், முந்திரியின் குடை தரையைத் தொடுகிற மாதிரி படர்ந்திருக்கும். மர எண்ணிக்கை, குடை அகலம், 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் மாதிரி ஒன்று வந்து மரம் சாய்ந்தால் எத்தனை போயிற்று என்ற கணக்கு, இதெல்லாம் மிக நன்றாக வரும். தரை மட்டம் வேண்டுமென்றால் லேசர் ஒளியால் அளக்கும் லைடார் கருவி ஏற்றிய ட்ரோன், அல்லது ஆள் இறங்கி அளப்பது.

தண்ணீரும் கடற்கரையும்?

அலையும் தண்ணீரும் ஒவ்வொரு படத்திலும் வேறு மாதிரி இருப்பதால் இணையாது. ஏரியின் கொள்ளளவு வேண்டுமென்றால் பெருமாள் ஏரியானாலும் வேறு எதுவானாலும் வற்றிய பிறகு, மே மாதத்தில் எடுங்கள். தண்ணீர் நிற்கும் பகுதியைத் தனியே படகில் ஆழம் பார்த்துச் சேர்க்க வேண்டும்.

தேவனாம்பட்டினம், தாழங்குடா மாதிரி கடற்கரையில் சால்களைக் கரைக்கு இணையாகப் போடுங்கள். ஒவ்வொரு படத்திலும் மூன்றில் ஒரு பங்காவது மணலோ, படகோ, வீடோ இருக்க வேண்டும். கரை அரிப்பை ஒப்பிடுகிறீர்கள் என்றால் ஒவ்வொரு தடவையும் கடல் ஒரே மட்டத்தில் இருக்கும் நேரத்தில் எடுங்கள். 20-க்கு 1 சரிவுள்ள மணலில் கடல் அரை மீட்டர் ஏறினாலே நீர்க்கோடு 10 மீட்டர் உள்ளே வந்துவிடும். அதை அரிப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டால் மீனவக் குடும்பங்கள் காரணமில்லாமல் கலங்கிப்போவார்கள். நீர்க்கோட்டைவிட மணல் மேட்டின் விளிம்பையோ ஒரு நிலையான உயரக் கோட்டையோ ஒப்பிடுவதுதான் சரி. வீட்டுக்கு வந்ததும் ட்ரோனை ஈரத்துணியால் துடைத்துக் காயவையுங்கள், உப்பு மோட்டாரைத் தின்றுவிடும்.

பக்கத்து நிலத்துக்காரரோடு வரப்புத் தகராறு. ட்ரோன் வரைபடம் காட்டித் தீர்த்துக்கொள்ளலாமா?

முடியாது. ட்ரோன் காட்டுவது இன்று வரப்பு எங்கே இருக்கிறது என்பதை. எங்கே இருக்க வேண்டும் என்பது புலப்படத்தில், எஃப்எம்பியில் இருக்கிறது. அதைத் தரையில் அளந்து சொல்லும் அதிகாரம் அரசு சர்வேயருக்குத்தான். தாலுகா அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். இந்த வேலைக்கு என்று யாராவது கேட்டால் நான் காசு வாங்காமல் இதையே சொல்லி அனுப்பிவிடுவேன்.

என்ன மென்பொருள்? எப்படிப்பட்ட கணினி?

ஆர்டுபைலட் என்ற திறந்த மூலக் கட்டுப்பாட்டு மென்பொருளில் ஓடும் ட்ரோனுக்கு மிஷன் பிளானர் இலவசம், சால் போடும் வசதி அதிலேயே இருக்கிறது. டிஜேஐ என்றால் அதன் பைலட் செயலி. இணைப்பதற்கு மெட்டாஷேப், பிக்ஸ்4டி இரண்டும் காசுக்கு. வெப்ஓடிஎம் திறந்த மூலம், கற்றுக்கொள்ள அதில் தொடங்கலாம். பார்க்கவும் அளக்கவும் க்யூஜிஐஎஸ். 600 படத்துக்கு 32 ஜிபி ராம் இருந்தால் நிம்மதி. இடத்தை விட்டுக் கிளம்பும் முன் மடிக்கணினியில் குறைந்த தரத்தில் ஒரு தடவை இணைத்துப் பாருங்கள். ஓட்டை இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

மழைக்குப் பிறகு அதே ஏரியை மறுபடி எடுக்க வேண்டும். எதையெல்லாம் வைத்துக்கொள்ள வேண்டும்?

திட்டக் கோப்பை அப்படியே சேமித்து வையுங்கள். அதே சால், அதே உயரம், முடிந்தால் அதே கேமரா. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலையொட்டித் தென்பெண்ணை பெருகி வந்தது போல ஒரு வெள்ளம் போன பிறகு, கரை எங்கே கரைந்தது, மணல் எங்கே குவிந்தது என்று சொல்ல முந்தைய வரைபடம் வேண்டும், அதுவும் ஒப்பிடக்கூடியதாக இருக்க வேண்டும். அதனால் ஜிசிபிகளில் மூன்றையாவது வெள்ளம் அசைக்காத இடத்தில் நிரந்தரமாக வையுங்கள்: மதகின் கான்கிரீட், பாலத்தின் கைப்பிடிச் சுவர், கோயில் குளத்தின் படிக்கட்டு. உரியவரிடம் கேட்டுக்கொண்டு, கான்கிரீட்டில் ஒரு எஃகு ஆணியை இறக்கி, சுற்றிலும் மஞ்சள் பெயின்ட்டில் ஒரு வட்டம். ஆணியின் அளவை நோட்டிலும் எழுதி, பக்கத்தில் நின்று ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். பெயின்ட் இரண்டு மழையில் போய்விடும். போட்டோவில் பின்னால் தெரிகிற பனை மரத்தை வைத்து ஆணியைக் கண்டுபிடித்துவிடலாம்.